ஓவர்சியர் குடித்த தண்ணீர்

போன வாரம் வண்டியில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது சின்னவள் பாவாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடத்தில் மொண்டு குடித்தோம் என்று நான் சொன்னதற்கு மூன்று பேரும் சிரித்தீர்கள். அப்பா கதை விடுகிறார் என்றான் நடுவன். உங்கள் அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கதை இல்லை, கண்ணுகளா. எழுதிவைக்கிறேன். நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தேன்; நடை முன்னே பின்னே இருக்கும். யார் பேரையும் எழுதப்போவதில்லை. மேட்டில் இருக்கும் டவுனின் பேரையும் எழுதவில்லை. நாளைக்கு உங்களில் ஒருத்திக்கு அங்கே சம்பந்தம் அமையலாம்.

நம் ஆற்றில் வெள்ளம் ஓடுவது வருஷத்தில் நாலைந்து மாதந்தான். மற்ற நாளெல்லாம் மணல். மணலுக்கு அடியில் தண்ணீர் நடந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் மணலில் ஓர் இடம் உண்டு. முழங்கை ஆழம் பறித்தால் ஊறும். முதலில் வருகிற கலங்கலைச் சிரட்டையால் மொண்டு கொட்டிவிட்டுச் சற்றுநேரம் பேசிக்கொண்டிருந்தால், அடியில் கிடக்கும் மணலை எண்ணலாம் போலத் தெளிந்துவிடும். அதைத்தான் ஊற்று என்போம். ஊரில் உள்ள கிணறெல்லாம் உப்பு. சோளத்துக்கும் பருத்திக்கும் ஆகும், வாய்க்கு ஆகாது. குடிக்கவும் சோறாக்கவும் எங்களுக்கு அந்த ஊற்று ஒன்றுதான்.

டவுனுக்கு மலைத்தண்ணீர் குழாயில் வந்தது அந்த வருஷங்களில். அதுவரை அங்கே சாக்கடையில் ஓட என்ன இருந்தது? பாத்திரம் கழுவின தண்ணீர் பின்கட்டு வாழைக்கே போதவில்லை. குழாய் வந்ததும் தெருச்சாக்கடைகள் வாய்க்கால் மாதிரி ஓட ஆரம்பித்தன. ஓடினால் எங்கேயாவது போய்ச் சேரவேண்டுமே. சரிவு நம் ஊர்ப்பக்கம். நாலு மைல் காரை வாய்க்கால் வெட்டி, நம் ஊர் எல்லையில் தொட்டி கட்டித் தெளியவைத்து ஆற்றில் விடுவது என்று முனிசிபாலிட்டியில் முடிவு செய்தார்கள்.

அதைச் சொல்ல வந்தவர்தான் ஓவர்சியர். கீழ்ஜில்லாக்காரர். நாற்பது வயது இருக்கும். சைக்கிளில் வருவார். படம் போட்ட பெரிய காகிதத்தை விநாயகர் கோயில் முன்னால் விரித்து, நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு, சாக்கடை முதல் தொட்டியில் எப்படித் தங்கும், கசடு எப்படி அடியில் இறங்கும், மேல்தண்ணீர் சல்லிக்கல் பரப்பின படுகையில் எப்படிச் சொட்டிச் சொட்டி இறங்கும், கடைசித் தொட்டிக்கு வரும்போது எப்படித் தெளிந்திருக்கும் என்று விரல் வைத்துக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். படத்தில் இருந்த எழுத்தைப் படித்து எல்லோருக்கும் சொன்னேன். அவர் என் தோளில் கை போட்டு, "தம்பிக்குப் புரிஞ்சுடுச்சு, பாருங்க" என்றார். அந்தக் கையின் கனம் எனக்கு இன்னும் தெரிகிறது. அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

தொட்டி கட்டி முடிந்ததும் என்னையே அதற்கு ஆளாகப் போட்டார். பலகை தூக்கி மடை திறப்பது, மேலே மிதக்கும் ஆடையை அள்ளுவது, அடிக்கசடைக் காயவைப்பது என் வேலை. அருவருப்பான வேலைதான். உங்கள் அம்மா என் வேட்டியைத் தனியாக வேகவைத்துத் துவைப்பாள். ஆனால் எனக்குப் பெருமை. காலையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கடைசித் தொட்டித் தண்ணீரை நிரப்பி, அச்சடித்த காகிதத்தின் முன்னால் வைத்துப் பார்க்கவேண்டும். எழுத்து வாசிக்க வந்தால் தண்ணீர் ஆற்றுக்குத் தகுதி. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. வாரத்துக்கு இரண்டு நாள் நம் வீட்டில் கம்மஞ்சோறு சாப்பிட்டுப் போவார். உங்கள் அம்மாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

எழுத்து மட்டும் வாசிக்க வரவில்லை. பாட்டில் கழுநீர் மாதிரி இருந்தது. சொன்னேன். படுகை புதுசு, கல்லில் பாசி பிடித்துப் பழகவேண்டும், ஒரு மாதம் பொறு என்றார். ஒரு மாதம் மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை ஊர்க்காரர்கள் தண்ணீரை ஆற்றில் விடவில்லை. தொட்டிக்கும் ஆற்றுக்கும் நடுவே தாங்களே மண்கரை போட்டு, பக்கத்துக் குட்டைக்குத் திருப்பியிருந்தார்கள். குட்டையும் தளும்பிவிட்டது.

நம் ஊரில் ஒரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். வருஷந்தோறும் அணையில் மடை திறக்கும்போது, தண்ணீர்ப் பங்கு சொல்லுகிறவர் விநாயகருக்கு முன்னால் ஒரு கை மொண்டு குடித்துவிட்டுத்தான் பங்கு சொல்லுவார். குடித்துவிட்டுப் பொய் சொன்னவர் உண்டு என்று எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் ஊர்க்கவுண்டர், கரையை எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்ட ஓவர்சியரிடம் இப்படிச் சொன்னார்.

"காயிதமெல்லாம் இருக்கட்டுமுங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கடைசித் தொட்டித் தண்ணியில ஒரு கை நீங்க குடிச்சுக் காட்டிப்போடுங்க. நாங்களே வெட்டி உட்டர்றோம்."

ஓவர்சியர் சிரிக்கவில்லை. பத்து நாள் தவணை கேட்டார்.

அந்தப் பத்து நாளுக்குள் காரமடைத் தேர் வந்தது. இரண்டு நாள் லீவு தருகிறேன், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு தேருக்குப் போய்வா, மூன்று மாதமாகக் கசட்டிலேயே நிற்கிறாய் என்றார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் கொடுத்தார். போனோம். உங்கள் அம்மாவுக்குக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொடுத்தேன். நல்ல மனுஷர் என்று வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தோம்.

திரும்பின அன்றைக்கே தண்ணீர் குடிக்கிற நாள். நேராகத் தொட்டிக்கு ஓடினேன். பாட்டிலைப் பிடித்து நிரப்பிக் காகிதத்தின் முன்னால் வைத்தேன். எழுத்து, புள்ளி முதற்கொண்டு தெரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசித் தொட்டிக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிப்பதுபோல, ஊர் வருகிற நாளுக்கு அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சல்லிப் படுகை ஏன் மேலே காய்ந்து கிடக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஊரே வந்திருந்தது. ஓவர்சியர் செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, இரண்டு கையாலும் மொண்டு குடித்தார். வாயைத் துடைக்கவில்லை. அடுத்து யாரும் சொல்லாமலே நான் போய் ஒரு கை குடித்தேன். இனிப்பாக இருந்தது. மூன்றாவதாக ஊர்க்கவுண்டர் குடித்தார். உங்கள் மாமன், அம்மாவின் அண்ணன், பக்கத்தில் நின்றுகொண்டு, "மாப்ளை, டவுன்ல அத்தனை பேரு பல்லு வெளக்குன தண்ணியா இது? நம்மூட்டு மோரு தோத்துப்போகும் போல இருக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மண்வெட்டியை எடுத்து நாங்களே கரையை வெட்டினோம். சாக்கடையை ஆற்றில் விட டவுனிலிருந்து ஒரு ஆளும் வரவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. எங்கள் கையாலேயே விட்டோம்.

மறுவாரம் பாட்டில் மறுபடி கலங்கிற்று. மழை என்றார். மழை போனபின் டவுனில் குழாய் கூடிவிட்டது, வரத்து அதிகம் என்றார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, படுகைக்கு ஓய்வு கொடுக்கவேண்டும், பத்து நாளைக்கு நேர்மடையைத் திறந்துவிடு என்றார். நேர்மடை என்றால், தொட்டிக்குள் நுழையாமல் சாக்கடை நேரே ஆற்றுக்குப் போகிற வழி. வெள்ளக் காலத்துக்கென்று வைத்தது. பலகையைத் தூக்கினவன் நான்தான். பத்து நாளில் இறக்கலாம் என்று பலகையைச் சுவரில் சாத்திவைத்தேன். பத்து நாள் கழித்துக் கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் என்றார். அப்புறம் பலகையில் கரையான் ஏறிவிட்டது.

ஊற்றில் தண்ணீர் கெட்டது ஒரே நாளில் இல்லை. முதலில் சோறு சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்தது என்றார்கள். அப்புறம் பருப்பு வேகவில்லை என்றார்கள். அப்புறம் ஊற்றில் நுரை. வயிற்றுப்போக்கு இரண்டு தெருவில் வந்தது. என்னிடம் வந்து சண்டை போட்டவர் யாரும் இல்லை. நம் ஊர் மரியாதை தெரியுமே. "ஏனுங்க தம்பி, தண்ணி கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்குதுங்களே" என்பார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கள் வீட்டுத் தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது, குடத்தைப் புளி போட்டு விளக்குங்கள் என்றேன். ஒருவரிடம் இல்லை, பத்துப் பேரிடம் சொன்னேன். சத்தியமாக நம்பித்தான் சொன்னேன். நம் வீட்டுக் குடத்தில் அப்படி ஒரு வாடையும் இல்லை.

கரை வெட்டி எட்டு மாதம் கழித்து உங்கள் மாமனுக்கு ஒரு எருது வாங்கவேண்டியிருந்தது. இரண்டு பேரும் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனோம். வெள்ளை மாடு ஒன்று அவருக்குப் பிடித்தது. விற்கிறவர் நம் டவுன்காரர். ரோட்டில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கிற வண்டி ஓட்டுகிறவர். மாமன் வழக்கம்போலக் குறை சொன்னார். காலைப் பார்த்தால் கோழி மாதிரி இருக்கிறது, ஏர் இழுக்குமா, இல்லை நாங்கள்தான் இதை இழுக்கவேண்டுமா என்று கேட்டார்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கோழிங்களா? ஏனுங்க, காரமடைத் தேரப்ப ரெண்டு நாளும் ராப்பகலா இது பூட்டுன ஒத்த சோடி ஆறு நடை இழுத்துதுங்க. குழாய்த் தண்ணி. நாலு மைலு. அந்தச் சாக்கடைத் தொட்டி இருக்குதுங்களே, அதைக் களுவிச் சுண்ணாம்பு அடிச்சு, ரொப்பிக் குடுங்கன்னு ஓவர்சியர் சொல்லிப்போட்டாரு. நாலு வண்டிங்க. மத்த மாடெல்லாம் படுத்துக்கிச்சு. இது நின்னுது."

அவர் மாட்டைப் பற்றித்தான் பேசினார். பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

நான் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்குத் தண்ணீர் ரொப்பினார்கள் என்று கேட்டேன். யாரோ பெரியவர்கள் பார்க்க வந்தார்களாம், அதற்கு மேல் தெரியாது, இரண்டு நாளும் சாக்கடையை மேலேயே அடைத்துக் குட்டைக்கு விட்டிருந்தார்கள் என்றார். மாமன் மாட்டை வாங்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கேட்டார்.

"உங்களுக்கு இது இன்னைக்குத்தான் தெரியுமுங்களா, மாப்ளை?"

"ஆமாங்க."

"அப்ப என்ர தங்கச்சி எதுக்கு ஏழு மாசமா தொட்டிக்கு மேக்கால ஒரு மைலு நடந்து போயி ஊத்துப் பறிக்கிறா? ஊரே பாக்குது. உங்களுக்குத் தெரிஞ்சுதான் அவளை மேல அனுப்பிப்போட்டு எங்களைக் கொடம் வெளக்கச் சொல்றீங்கன்னு பேசிக்கிறாங்க. நான் ஒருத்தன்தான் இல்லைன்னு சண்டை போட்டுட்டு இருக்கறேன்."

பஸ் வந்தது, ஏறினோம், எங்கே இறங்கினோம் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்டேன். அவள் அழவில்லை. கரை வெட்டின மறுமாதமே ஊற்று வாடை அடித்ததாம். உங்களுக்கு அந்தத் தொட்டி மேல் அவ்வளவு பிரியம், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் சாக்கடை கலக்காத மேலாற்றுக்குப் போய் எடுத்துவந்தேன் என்றாள். என் மனம் நோகக்கூடாது என்று அவள் செய்ததுதான் என்னைப் பத்துப் பேரிடம் பொய்யனாக்கிற்று. அவளைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. கோபிக்காமல் இருக்கவும் முடியவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அப்போது பெரியவள் தொட்டிலில் இருந்தாள்.

ஓவர்சியரை டவுனில் அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். சாமான் கட்டிக்கொண்டிருந்தார். பெரிய டவுனுக்கு மாற்றல், உத்தியோக உயர்வும்கூட. என்னைப் பார்த்ததும் எப்போதும்போல உட்காரச் சொன்னார். சந்தையில் கேட்டதைச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"மேலதிகாரிங்க தொட்டி திறக்க நாள் குறிச்சுட்டாங்க தம்பி. குட்டை உடைஞ்சா உங்க ஊர்தான் முழுகும். படுகை பழகிடும்னு நானும் நம்பினேன். நான் குடிச்சது நல்ல தண்ணிதானே. அது எந்தத் தண்ணின்னு உங்க ஊர்ல யாரும் கேக்கலையே."

"நானும் குடிச்சேனுங்களே" என்றேன்.

அவர் கயிற்றை இழுத்து முடிந்தார். "உன்னைத் தேருக்கு அனுப்பினது அதுக்குத்தான். உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ குடிச்சிருக்க மாட்ட. நீ குடிக்காட்டி அவங்க வெட்டியிருக்க மாட்டாங்க" என்றார். அவருடைய பெண்குழந்தை உள்ளேயிருந்து ஓடிவந்து என் மடியில் ஏறிற்று. நம் வீட்டுக்கு வந்து பழகின குழந்தை. அதை இறக்கிவிட்டு வந்தேன்.

அவர் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம். உங்களுக்கும் புரிந்துபோகும். ஆனால் கம்மஞ்சோற்றைப் பழித்துச் சாப்பிட்டவர் இல்லை. என் மேல் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தையே மண்வெட்டி மாதிரி எடுத்து உபயோகப்படுத்திக்கொண்டார்.

அன்றே வேலையை விட்டேன். அன்று பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்தில், விநாயகர் கோயில் முன்னால் நின்று, வண்டித் தண்ணீரையும் நேர்மடையையும் நான் பலகை தூக்கினதையும் ஒன்று விடாமல் சொன்னேன். முடித்தபின் ஊர்க்கவுண்டர், "ரெண்டாவது கை நீங்கதானுங்களே, தம்பி" என்றார். அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார்.

கலெக்டருக்கு மனு எழுதினேன். தொட்டியைச் சரிசெய்து, நேர்மடையை அடைத்து, அதுவரை ஊருக்கு ஒரு குழாய் நீட்டித் தரவேண்டும் என்று. மூன்று தடவை திருத்தி, என் எழுத்திலேயே நல்ல எழுத்தாக எழுதினேன். ஊரார் ரேகை வைத்தால்தான் அதற்கு உயிர். மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் பாய் போட்டார்கள். மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் வெள்ளாமை முடியட்டும் என்றார்கள். ஒரு வீட்டில் பெரிய பையன் திருப்பூரிலிருந்து வரட்டும் என்றார்கள். உங்கள் மாமன்கூட, ஊரில் நாலு பேர் வைக்கட்டும், அப்புறம் வைக்கிறேன் என்றார். ஊர்க்கவுண்டர் ஒருவர்தான் நேராகச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. போன தடவை காயிதத்துல என்ன எழுதியிருக்குதுன்னு நீங்கதான் படிச்சுச் சொன்னீங்க. இதுல என்ன எழுதியிருக்குதுன்னும் நீங்கதான் சொல்லோணும். எனக்குக் கட்டை வெரலு வர மாட்டேங்குதுங்க."

நான் மையை மூடிக்கொண்டு வந்தேன். அடித்திருந்தாலும் வலித்திருக்காது.

வீட்டில் மனுவைப் பெட்டிக்குள் வைக்கப் போனேன். அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவள் எழுந்துவந்து மைப்பெட்டியைத் திறந்தாள். எங்கே வைக்கவேண்டும் என்று கேட்டாள். காட்டினேன். வைத்தாள். மூன்று நாளைக்கு அப்புறம் அதுதான் நாங்கள் பேசின முதல் பேச்சு. என் கையெழுத்து ஒன்று, அவள் ரேகை ஒன்று. மறுநாள் தபாலில் சேர்த்தேன்.

பதில் வந்தது. நாலே வரி. மனுதாரர் வேலையை விட்ட சிப்பந்தி என்றும், மேற்படி நேர்மடையைத் திறந்தவர் அவரே என்றும், அந்தக் கிராமத்தார் வேறு எவருக்கும் குறை இருப்பதாகத் தெரியவில்லை என்றும், ஆகவே மேல் நடவடிக்கை தேவையில்லை என்றும் எழுதியிருந்தது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒருவருக்கும் குறை இல்லையாம் என்றேன். அவள் மூலையில் இருந்த குடத்தை எடுத்தாள். பிறகு நின்று, கொடியில் தொங்கின சும்மாட்டுத் துணியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்களும் வாங்க. ரெண்டு கொடமா எடுத்தாந்தா எங்கண்ணன் ஊட்டுக்கும் ஒண்ணு குடுக்கலாம்."

ஆண்பிள்ளை தலையில் தண்ணீர்க்குடம் வைத்து நம் ஊரில் யாரும் பார்த்ததில்லை. பட்டப்பகலில் தெருநடுவே இரண்டு பேரும் மேற்கே போனோம். வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். வரும்போது என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. முதல் குடத்தை மாமன் வீட்டில் இறக்கினேன். அந்த வாரத்திலிருந்து தினமும் போனேன். ஒரு மாதம் கழித்து ஊர்க்கவுண்டர் வீட்டம்மா ஒருநாள் எங்களுக்குப் பின்னால் குடத்தோடு வந்தார். சற்றுத் தள்ளியே நடந்தார். மேலே போனதும், எங்கள் ஊற்றுக்குப் பத்தடி தள்ளி மணலில் குந்தித் தனக்கென்று பறிக்க ஆரம்பித்தார்.